பாப்ளின்ல தைச்ச ஆறு கலி ஸ்கர்ட், அதே பேட்டர்ன்ல ரேயான் தைச்சா சரியா வருமா?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க. என்கிட்ட ஒரு ஏ-லைன் ஸ்கர்ட் பேட்டர்ன் இருக்கு. ஆறு கலி (மேல குறுகி கீழ அகலமாகற துண்டு), முன்னாடி மூணு பின்னாடி மூணு, இடுப்புல ஒன்றரை இஞ்ச் பட்டி, இடது பக்கத் தையல்ல ஜிப், வலது பக்கத் தையல்ல ஒரு பாக்கெட், அவ்ளோதான். காட்டன் பாப்ளின்ல தைச்சேன். நான் தைச்சதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான், வாரத்துல பாதி நாள் அதையேதான் மாட்டிக்கிட்டு திரியறேன், இப்ப வெளுத்தும் போச்சு. இடுப்புல கச்சிதமா உக்காருது, நடக்கறப்ப கால்ல சுத்தாது, கீழ நல்லா விரிஞ்சு நிக்குது.

அதையே இன்னொண்ணு தைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கைவசம் ரெண்டு துணி இருக்கு. ஒண்ணு ரேயான், பொடிப் பூ போட்டது, 44 இஞ்ச் பன்னா (துணியோட அகலம்), ரெண்டரை மீட்டர், மேசை மேல வெச்சா தானா வழுக்கி கீழ போய் விழுது. இன்னொண்ணு கருநீல டெனிம், 58 பன்னா, 10 அவுன்ஸ்னு சொல்லி குடுத்தாங்க. மனசு ரேயான் பக்கம்தான் போகுது, பூ அவ்ளோ அழகா இருக்கு.

அளவு சொல்லிடறேன். இடுப்பு 30, நீளம் 33. ஒரு கலி மேல 5 கீழ 12, ரெண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இஞ்ச் தனி, ஆக வெட்டறப்ப மேல 6 கீழ 13. தைச்சு முடிச்சா கீழ சுத்தளவு 72 வரும்.

இப்ப கேள்வி. பேப்பரை அப்படியே வெச்சு வெட்டிடலாமா, இல்ல ரேயானுக்கு எங்கயாவது கூட்டி கொறைக்கணுமா? பட்டி வெறப்பா நிக்க உள்ள வெக்கற கேன்வாஸ், பாப்ளினுக்குப் போட்ட அதே கெட்டியானதையே போடலாமா? லைனிங் வேணுமா? சாதா வீட்டு மெஷின்தான், ஜிக்ஜாக் இருக்கு, ஓவர்லாக் கிடையாது.

பாபின்குட்டி:

அட இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ யோசனை, துணியைத் தண்ணில போட்டு எடுத்து காய வெச்சு அயர்ன் பண்ணி அப்படியே வெட்டுங்க. ரேயான் ஸ்கர்ட் செம்மயா இருக்கும், காத்துல ஆடும். பேட்டர்ன்தான் ஏற்கனவே உங்க உடம்புக்கு செட் ஆயிடுச்சே, அதுக்கப்புறம் என்ன பயம். வெட்டி முடிச்சுட்டு போட்டோ போடுங்க.

கத்தரி அக்கா:

பாபின்குட்டி சொன்னதுல தண்ணில போடறது மட்டும் நூத்துக்கு நூறு சரி, மீதிக்கு நான் கொஞ்சம் குறுக்க வரேன், கோச்சுக்காதம்மா.

நூல்கண்டு, நீங்க அந்த ஸ்கர்ட்ல என்னென்ன புடிக்கும்னு எழுதினதை மறுபடி படிச்சுப் பாருங்க. கால்ல சுத்தாது, கீழ விரிஞ்சு நிக்குதுன்னு எழுதிருக்கீங்க. அது ரெண்டையும் பண்ணது பேட்டர்ன் இல்ல, பாப்ளின். பேட்டர்ன் குடுக்கறது அகலத்தை மட்டும்தான். 72 இஞ்ச் சுத்தளவை வெளிய தள்ளி நிக்க வெக்கறதா, இல்ல உள்ள மடிஞ்சு தொங்க விடறதாங்கறதை துணிதான் முடிவு பண்ணும். பாப்ளின் நெருக்கமா நெய்ஞ்ச துணி, கொஞ்சம் வெறப்பு இருக்கும், அதனால கூடாரம் மாதிரி நிக்கும். ரேயான்ல அந்த வெறப்பு சுத்தமா கிடையாது, அதே 72 இஞ்சும் மடிப்பு மடிப்பா நேரா கீழ விழும், முன்னாடிலேர்ந்து பாத்தா ஸ்கர்ட்டே ஒல்லியா தெரியும், ஏ-லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அசிங்கமா இருக்கும்னு சொல்லல, அழகாத்தான் இருக்கும், ஆனா அது வேற ஸ்கர்ட்.

இதுல எல்லாரும் மாட்டற எடம் ஒண்ணு இருக்கு. துணியோட எடையைப் பாத்து முடிவு பண்றது. 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு 120 கிராம்) பாப்ளினும் இருக்கு, அதே 120ல ரேயானும் இருக்கு, தராசுல ரெண்டும் ஒண்ணுதான், தைச்சுப் போட்டா சம்பந்தமே இருக்காது. அதனால நம்பரை விட்டுடுங்க. பழைய ஸ்கர்ட்டோட ஓரத்தை ஒரு கையால மேலேர்ந்து கொத்தா புடிச்சு தொங்க விடுங்க, பக்கத்துலயே புதுத் துணியையும் அதே மாதிரி புடிங்க. ஒண்ணு பக்கவாட்டுல விரியும், ஒண்ணு கயிறா இறங்கும். அந்த வித்தியாசம்தான் நாளைக்கு இடுப்புக்குக் கீழ தெரியப்போறது.

அப்பறம் ரேயான் உடம்போட ஒட்டும். பாப்ளின் தள்ளி நின்னதால மறைச்ச வயிறு, தொடை, உள்ள இருக்கற பாக்கெட் பை எல்லாம் ரேயான்ல வெளிய அச்சு தெரியும். இடுப்புலேர்ந்து சீட் (பின்பக்கம் அகலமா இருக்கற எடம்) வரைக்கும் உங்களுக்கு எவ்ளோ லூஸ் இருக்குன்னு ஒரு தடவை அளந்து பாத்துக்கோங்க. சீட் சுத்தளவை விட ஸ்கர்ட் அந்த எடத்துல ரெண்டு மூணு இஞ்சாவது கூட இருந்தாத்தான் ரேயான் இழுத்துப் புடிக்காம விழும்.

ஏ-லைன் ஷேப்தான் வேணும்னா நேர்மையா சொல்றேன், அந்த டெனிம் அதுக்கு இன்னும் கிட்ட. லினனும் வரும், கசங்கறது புடிச்சவங்களுக்கு. மெல்லிசு கார்டுராய் கூட வரும், ஆனா அதுல மேலேர்ந்து கீழ தடவினா ஒரு நெறம் கீழேர்ந்து மேல தடவினா ஒரு நெறம், எல்லா கலியும் ஒரே திசைல வெட்டணும், துணி கூட ஆகும்.

நூல்கண்டு:

அக்கா, கொத்தா புடிச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே கயிறா இறங்குது. பரவால்ல, ரேயானே தைக்கறேன், விரிஞ்சு நிக்கறதுக்கு பழைய பேட்டர்ன்ல டெனிம் அப்பறமா பண்ணிக்கலாம். ஆனா மடிப்பா விழறதுன்னு முடிவாயிடுச்சுன்னா கீழ இன்னும் அகலம் கூட்டிடலாமா? அப்ப மடிப்பு நெறைய விழும்ல?

டெய்லர் அண்ணன்:

தங்கச்சி, கீழ அகலம் கூட்டறதுக்கு முன்னாடி துணி எவ்ளோ மிஞ்சும்னு பாரு. 44 பன்னால 13 இஞ்ச் கலி ஒரே திசைல மூணு வரும், 39 போச்சு, 5 இஞ்ச் மிச்சம். அதுலதான் இடுப்புப் பட்டி வரணும். கீழ 15 ஆக்கினா மூணு கலியே 45, பன்னா தாண்டிப் போச்சு, அப்ப தலைகீழா மாத்தி மாத்தி அடுக்கணும், பூ ஒரு திசைல பாக்கற பூவா இருந்தா மூணு கலி பூவு நேராவும் மூணு கலி பூவு தலைகீழாவும் இருக்கும். பூவோட காம்பு எல்லாப் பக்கமும் சிதறி இருந்தா பிரச்சனை இல்ல, அதைப் பாத்துட்டு சொல்லு. என்னைக் கேட்டா அகலம் போதும், நீளத்தை ரெண்டு இஞ்ச் கூட்டிக்கோ. கீழ விழற துணிக்கு நீளம்தான் அழகு.

அதுக்கெல்லாம் முன்னாடி சுருக்கம் பாக்கணும். ரேயான் காட்டனை விட அதிகமா சுருங்கும், அதுவும் நெடுக்குல. துணியை நனைக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலைல 50 சென்டிமீட்டர் சதுரம் நூல்ல கோடு ஓட்டிடு, வெட்டாத, அடையாளம் மட்டும். தைச்சப்பறம் எப்படித் துவைக்கப் போறியோ அப்படியே துவை, காய வெச்சு அயர்ன் பண்ணிட்டு அந்த சதுரத்தை அள. ஒரு சென்டிமீட்டர் கொறைஞ்சா ரெண்டு பர்சென்ட். சும்மா தண்ணில முக்கி எடுக்கறதோட நிறுத்தாத. பின்னாடி மெஷின்ல போட்டுத் துவைக்கப் போறேன்னா இப்பவே மெஷின்ல போடு. ஒரு விஷயம், ரேயான் ஈரமா இருக்கறப்ப பலம் பாதிக்குப் பக்கம் கொறைஞ்சுடும், முறுக்கிப் பிழியாத, கொடில ஒரு முனையைப் புடிச்சு தொங்க விடாத, விரிச்சுப் போட்டு காய வை.

ரேயான்னு சொல்லி பாலியஸ்டர் குடுக்கறதும் நடக்குது. ஓரத்துலேர்ந்து ஒரு நூலை உருவி சாமணத்துல புடிச்சு தீ காட்டு. பேப்பர் எரியற வாசனை வந்து சாம்பல் பொடிஞ்சா ரேயான், உருகி கெட்டி உருண்டையா நின்னா பாலியஸ்டர். பாலியஸ்டரா இருந்தா சுருக்கத்தைப் பத்திக் கவலை வேணாம், அயர்ன் சூட்டைப் பத்தி கவலைப்படு.

வெட்டறது. இதுலதான் நேரம் போகும், போகட்டும். துணியை ரெண்டா மடிச்சு வெட்டாத, அடி மடிப்பு நகர்ந்துட்டா உனக்கே தெரியாது, ஒரு கலி 13 இன்னொரு கலி 12 முக்கால் வரும். ஒத்தையா விரிச்சு, அடில ஒரு பெரிய பேப்பர் போட்டு, கரையை (துணியோட நெடுக்க வர்ற நெய்த ஓரம்) பேப்பர் ஓரத்தோட நேரா வெச்சு, பேப்பரோட சேத்து வெட்டு. பேப்பர் வெட்டினா கத்தரி மொக்கை ஆகும்னு எல்லாரும் சொல்வாங்க, ஆகும், அதுக்கு ஒரு பழைய கத்தரி தனியா வெச்சுக்கோ. குண்டூசி குத்தறதைத் தையல் விட்ட அரை இஞ்சுக்குள்ளயே குத்து, ரேயான்ல ஓட்டை தெரியும், நூலும் இழுக்கும். ஸ்டார்ச் ஸ்ப்ரே அடிச்சு அயர்ன் பண்ணிட்டு வெட்டினா இன்னும் சுலபம், துவைச்சா போயிடும்.

கலியோட நடுக்கோடு கரைக்கு நேரா இருக்கணும், பேட்டர்ன்ல அம்புக்குறி போட்டிருப்பாங்க. பாப்ளின்ல அரை இஞ்ச் சாய்ஞ்சா யாரும் கண்டுபுடிக்க முடியாது, ரேயான்ல ஒரு கலி மட்டும் திரும்பிக்கிட்டு தொங்கும்.

வெட்டின உடனே, நகத்துறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு கலியோட மேல் ஓரத்துலயும் ஓரத்துலேர்ந்து முக்கால் விரல் உள்ள தள்ளி ஒரு சாதா தையல் ஓட்டிடு. அரை இஞ்ச் தையலுக்குள்ளயே மறைஞ்சு போகும், பிரிக்க வேண்டாம். இல்லன்னா கையில எடுத்து வெக்கறதுலயே ஆறு கலிலயும் கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு, 30 இடுப்பு 31 ஆகி நிக்கும். ஓட்டினப்பறம் பேப்பர் மேல வெச்சு மேல 6 இஞ்ச் இருக்கான்னு சரிபாத்துடு.

ஊசிமுனை:

டெய்லர் அண்ணன் சொன்னதுல முக்கால் விரல்ங்கறது யார் விரல்னு கேக்கத் தோணுது 😄 தங்கச்சிக்காக சொல்றேன், ஓரத்துலேர்ந்து 1 சென்டிமீட்டர்.

கேன்வாஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. பாப்ளினுக்குப் போட்ட கெட்டி கேன்வாஸை ரேயானுக்குப் போடாதீங்க ப்ளீஸ். பட்டி மட்டும் அட்டையா நிக்கும், அதுக்குக் கீழ துணி சோந்து தொங்கும், உக்காந்து எழுந்தா பட்டி மடிஞ்சு அந்த மடிப்பு அப்படியே நிக்கும். மெல்லிசா நெய்ஞ்ச ஒட்டு கேன்வாஸ் ஒண்ணு கெடைக்கும், துணி மாதிரியே இருக்கும், பின்னாடி பொடிப் பொடியா பசைப் புள்ளி இருக்கும், அதைப் போடுங்க. ஒட்டறப்ப அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்கக்கூடாது, வெச்சு அழுத்தி எடுத்து அடுத்த எடத்துல வெக்கணும். முதல்ல ஒரு சின்ன துண்டுல ஒட்டிப் பாத்துட்டு ஆற விட்டு கசக்கிப் பாருங்க, கொப்புளம் வந்தா அந்த கேன்வாஸ் உங்க துணிக்கு ஆகாது.

ஆனா மெல்லிசு கேன்வாஸ் மட்டும் போட்டா பட்டி நாள்பட இழுபடும். அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. துணி வெட்டினதுல மிச்சமாகற கரை இருக்கு பாருங்க, அதை அரை இஞ்ச் அகலத்துக்கு நீளமா வெட்டி எடுத்து, இடுப்புத் தையல் போடறப்ப கலி மேல வெச்சு சேத்து தைச்சிடுங்க. கரை இழுபடாது, நாடா போட்ட வேலை செய்யும், நெறமும் ஒத்துப் போகும், தனியா எதுவும் வாங்க வேண்டாம். கரை நாடாவை 30 இஞ்ச் அளந்து வெட்டி கால் கால் பாகமா குறி போட்டுட்டு, ஸ்கர்ட்டை அதுக்குத் தகுந்த மாதிரி பரப்பி வெச்சு தைங்க. ஸ்கர்ட்டுக்குத் தகுந்த மாதிரி நாடாவை வெட்டினீங்கன்னா போட்டதுல அர்த்தமே இல்ல.

ஜிப் வர்ற எடத்துலயும் ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் அகலத்துக்கு அதே மெல்லிசு கேன்வாஸ் துண்டு ஒட்டிடுங்க. ரேயான்ல ஜிப் அலை அலையா நிக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்தத் துண்டு இல்லாததுதான். பாக்கெட் பைக்கு அதே ரேயான் வேணாம், சாவி போட்டா கீழ இழுத்துக்கிட்டு தொங்கும். உங்க பழைய பாப்ளின்ல துண்டு மிச்சம் இருந்தா அதுல பை தைங்க, பையோட மேல் ஓரத்தை நீட்டி இடுப்புத் தையல்ல புடிச்சிடுங்க, எடையைப் பட்டி தாங்கிக்கும், பக்கத் தையல் இழுபடாது.

கத்தரி அக்கா:

கரை நாடா யோசனை அருமை. ஒண்ணு சேத்துக்கறேன், கரைல அச்சடிச்ச எழுத்து, ஊசி ஓட்டை எல்லாம் இருக்கும், வெளிய தெரியாத பக்கமா வெச்சுக்கோங்க.

லைனிங் விஷயம். பொடிப் பூ போட்ட ரேயான், அடி நெறம் வெளிர் நெறமா இருந்தா கண்டிப்பா போடணும்னு நான் சொல்வேன். ஜன்னல் வெளிச்சத்துல துணிக்குப் பின்னாடி கையை வெச்சுப் பாருங்க, விரல் தனித்தனியா தெரிஞ்சா லைனிங். மெல்லிசு காட்டன் வாயில் துணி போதும், முட்டி வரைக்கும் விட்டாலே போதும், இல்ல முழுசா போட்டா ஸ்கர்ட்டை விட ஒரு இஞ்ச் கொறைச்சலா. அதையும் நனைச்சு சுருக்கிட்டு வெட்டுங்க, மேல் துணியை சுருக்கிட்டு லைனிங்கை மறந்துட்டா ரெண்டாவது துவைப்புல உள்ளேர்ந்து இழுக்கும்.

ஊசிமுனை:

அக்கா லைனிங்ல நான் உங்ககூட ஒத்துக்க மாட்டேன். ரேயான் எடுக்கறதே காத்தாட இருக்கட்டும்னுதான், அதுக்கு உள்ள இன்னொரு காட்டன் போட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நடக்க நடக்க மேல ஏறும். கருப்பு, கருநீலம்னு அடர் நெறமா இருந்தா லைனிங்கே வேணாம். வெளிர் நெறமா இருந்தா உள்ள தனியா ஒரு ஸ்லிப் போட்டுக்கலாம், அதை நாலு ஸ்கர்ட்டுக்கும் மாத்தி மாத்திப் போடலாம், ஆறு கலியை ரெண்டு தடவை தைக்கற வேலையும் மிச்சம்.

கத்தரி அக்கா:

வேலை மிச்சம்ங்கறதை ஒத்துக்கறேன் 😊 நெறம் என்னன்னு கேட்டவங்களே இன்னும் சொல்லல.

நூல்கண்டு:

நெறம் அடர் பச்சை, அதுல மஞ்சள் பொடிப் பூ, காம்பு எல்லா பக்கமும் சிதறித்தான் இருக்கு. ஜன்னல்ல வெச்சுப் பாத்தேன், கை நிழலா தெரியுது விரல் தெரியல, அப்ப லைனிங் வேணாம்னு வெச்சுக்கறேன், சாரி கத்தரி அக்கா.

நூலை எரிச்சும் பாத்தாச்சு, பேப்பர் வாசனைதான். 50 சதுரம் போட்டு மெஷின்ல துவைச்சு அயர்ன் பண்ணினேன், நெடுக்குல 47 இருக்கு, குறுக்குல 49. அப்படின்னா 6 பர்சென்டும் 2 பர்சென்டுமா? அப்ப துணி பத்துமா அண்ணா? அப்பறம் ஓவர்லாக் இல்லாம உள் ஓரத்தை எப்படி முடிக்கறது, ஊசி எந்த நம்பர் போடணும், இதையும் யாராவது சொல்லிடுங்க.

டெய்லர் அண்ணன்:

கணக்கு சரிதான் தங்கச்சி. 6 பர்சென்ட் ரேயானுக்கு ஆச்சரியமில்ல. அதை நனைக்காம தைச்சிருந்தா 33 இஞ்ச் ஸ்கர்ட் முதல் துவைப்புல 31க்கு வந்திருக்கும், இப்பவாச்சும் புரிஞ்சுதா.

ரெண்டரை மீட்டர் இப்ப 235 சென்டிமீட்டர், இஞ்ச்ல 92 சொச்சம். பன்னா 43. கலி நீளம் 33, கூட ரெண்டு இஞ்ச் கூட்டினா 35, மேல தையல் அரை, கீழ மடிக்க ஒன்றரை, ஆக 37. ஒரு வரிசைல மூணு, ரெண்டு வரிசை, 74 இஞ்ச் போகும். மிச்சம் 18 இஞ்ச் முழு பன்னால இருக்கு. பக்கத்துல 4 இஞ்ச் பட்டை நீளத்துக்கும் நிக்கும், அதுல இடுப்புப் பட்டி வந்துடும், ஒன்றரை ஒன்றரை மூணு, தையலுக்கு ஒண்ணு, கரெக்டா நாலு. கரை அதுலயே சேந்து வரும், அந்தக் கரைப் பக்கத்தை உள் பக்கமா வெச்சா மடிச்சு முடிக்கற வேலையே இல்ல. கரை நாடாவுக்கு அந்தப் பக்கத்துக் கரையை எடுத்துக்கோ. பூ சிதறி இருக்குன்னு சொன்னதால ஒண்ணு ரெண்டு கலியைத் திருப்பி வெச்சாலும் தெரியாது, இன்னும் தாராளமா வெட்டலாம். அதுக்காக கீழ அகலத்தைக் கூட்டணும்னு மறுபடி ஆரம்பிக்காத.

ஊசி 11 நம்பர், புதுசு. பாப்ளின் தைச்ச பழைய 14ஐப் போட்டா நூல் இழுத்து கோடு கோடா தெரியும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர், 2.2 வரைக்கும் போகலாம். மெஷின் காலோட அழுத்தத்தைக் கொறைக்க திருகு இருந்தா ஒரு சுத்து தளர்த்து. ஆரம்பிக்கறப்ப ரெண்டு நூலையும் பின்னாடி புடிச்சுக்கோ, இல்லன்னா மெஷின் துணியை உள்ள முழுங்கிடும். தையல் தட்டுல ஜிக்ஜாக்குக்கான அகல ஓட்டைக்குப் பதிலா ஒத்தை ஓட்டைத் தட்டு உன்கிட்ட இருந்தா நேர்த் தையலுக்கு மட்டும் அதை மாத்திக்கோ, ஜிக்ஜாக் போடறப்ப அகல ஓட்டைத் தட்டையே மாட்டு.

ஊசிமுனை:

உள் ஓரத்துக்கு பிரெஞ்ச் சீம் போடுங்க, ரேயானுக்கு அதை விட சுத்தமா எதுவும் கிடையாது, பேட்டர்ன்ல அரை இஞ்ச் தையல் விட்டிருக்கறதால கணக்கும் அழகா பொருந்தும். முதல்ல உள் பக்கம் உள் பக்கத்தைப் பாக்கற மாதிரி வெச்சு கால் இஞ்ச்ல ஒரு தையல், ஓரத்தைப் பாதியா வெட்டிடுங்க, அயர்ன் பண்ணுங்க, திருப்பி நல்ல பக்கம் ரெண்டும் சேர வெச்சு இன்னொரு கால் இஞ்ச் தையல். ரெண்டும் சேந்து அரை இஞ்ச், அளவு மாறாது. ஆனா ஜிப் வர்ற இடது பக்கமும் பாக்கெட் வர்ற வலது பக்கமும் இதைப் போட்டு மண்டையை உடைச்சுக்க வேணாம், அந்த ரெண்டு தையலுக்கு மட்டும் ஜிக்ஜாக், மீதி நாலுக்கு பிரெஞ்ச் சீம்.

டெனிம்தான்:

எல்லாரும் ரேயான் பின்னாடியே போயிட்டீங்க, பாவம் அந்த டெனிம். நூல்கண்டு, அடுத்தது அதைத்தான் தைக்கப் போறேன்னு சொன்னதால இப்பவே எழுதி வெக்கறேன், அப்பறம் தேட வேணாம்.

10 அவுன்ஸ்னா கிட்டத்தட்ட 340 ஜிஎஸ்எம், உங்க பாப்ளினை விட ரெண்டு மடங்குக்கு மேல கனம். இங்க பிரச்சனை அப்படியே தலைகீழ். துணி இழுபடாது, ஆனா மடிப்புல துணி காணாம போகும். கனமான துணியைத் தைச்சுப் பிரிச்சு அயர்ன் பண்ணா ஒவ்வொரு தையல்லயும் வளைவுக்கே 1, 2 மில்லிமீட்டர் போயிடும், ஆறு தையலுக்கு சேத்துப் பாத்தா இடுப்புல கால் இஞ்ச்லேர்ந்து அரை இஞ்ச் கொறையும். பாப்ளின்ல கச்சிதமா உக்காந்த 30 இங்க மூச்சு முட்டும். அதனால பக்கத் தையல் ரெண்டுலயும் மட்டும் முக்கால் இஞ்ச் விட்டு வெட்டுங்க, தைச்சு போட்டுப் பாத்து எவ்ளோ வேணுமோ விடுங்க.

பட்டியோட உள் பக்கத்துக்கு டெனிமே வேணாம், வேற மெல்லிசு காட்டன் போடுங்க, கேன்வாஸும் தேவைப்படாது. பாக்கெட் பையும் அப்படித்தான். ஊசி 16 நம்பர், ஜீன்ஸ் ஊசின்னே தனியா வரும். மேல் தையலுக்கு நீளம் 3, மூணரை. கீழ மடிக்கறப்ப ஆறு எடத்துல தையல் குறுக்க வரும், அங்க மட்டும் மோட்டாரை விட்டுட்டு கையால சக்கரத்தைச் சுத்துங்க. முன்னாடியே அந்த மேட்டை சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டா படிஞ்சிடும், பயப்படாதீங்க துணிக்கு ஒண்ணும் ஆகாது.

சாயம் போகும். டெனிம்ல நீலச்சாயம் நூலோட மேல் தோல்லதான் நிக்கும், உள்ள வரைக்கும் எறங்காது, அதனாலதான் வெளுக்குது, அதனாலதான் ஒட்டவும் செய்யுது. வெட்டறதுக்கு முன்னாடி தனியா துவைங்க, ரேயானோட சேத்துப் போட்டுடாதீங்க, மஞ்சள் பூ நீலப் பூவாயிடும்.

பேட்டர்ன் பேப்பரை மட்டும் நகல் எடுத்து வெச்சுக்கோங்க. ரேயானுக்கு ஒண்ணு, டெனிமுக்கு ஒண்ணுன்னு. ஒரே பேப்பர்ல வேற வேற கலர் பேனாவுல கோடு போட்டு வெச்சா ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாக்கறப்ப எந்தக் கோடு எதுக்குன்னு தெரியாது. நகல் ஓரத்துலயே துணி, ஊசி நம்பர், எவ்ளோ சுருங்குச்சுன்னு எழுதிடுங்க.

பாபின்குட்டி:

நான் ரெண்டு வரில சொன்னதை எல்லாரும் சேந்து புத்தகமா ஆக்கிட்டீங்க 😂 சரி ஒத்துக்கறேன், 6 பர்சென்ட் எல்லாம் நான் எதிர்பாக்கல. ஒரே ஒரு சந்தேகம், ரேயான் ஸ்கர்ட்டை கீழ மடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தொங்க விடணும்னு சொல்வாங்களே, யாரும் சொல்லவே இல்லயே?

ஊசிமுனை:

அது முக்கியமா வட்ட ஸ்கர்ட்டுக்கு, அரை வட்ட ஸ்கர்ட்டுக்கு சொல்றது. அதுல சில எடம் முழு கிராஸ்ல, 45 டிகிரில விழும், அங்க துணி தானா இறங்கி ஓரம் மேடு பள்ளமா ஆகும். இந்த ஆறு கலில நடுக்கோடு நேரா இருக்கு, ஓரம் மட்டும்தான் சாய்வு, 33 இஞ்ச் நீளத்துக்கு ஒரு பக்கம் மூன்றரை இஞ்ச் சாயுது, டிகிரில பாத்தா 6தான். பெருசா இறங்காது.

டெய்லர் அண்ணன்:

6 டிகிரியா இருந்தாலும் ரேயான் ரேயான்தான், ஒரு ராத்திரியாவது தொங்க விடு. பட்டி, ஜிப் எல்லாம் வெச்சு முடிச்சுட்டு, பட்டியை நாலு கிளிப்ல புடிச்சு தொங்க விடு, ரெண்டு கிளிப்னா நடுவுல தொய்யும். மறுநாள் போட்டுக்கிட்டு நில்லு, கூட ஒருத்தரை வெச்சு தரைலேர்ந்து ஸ்கேல் வெச்சு சுத்தி குறி போடச் சொல்லு, ஸ்கர்ட்டோட மேலேர்ந்து அளக்காத. இடுப்பு எல்லாருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

கீழ மடிக்க ஒன்றரை இஞ்ச்னு கணக்குல வெச்சது வெட்டறதுக்குத்தான். குறி போட்டப்பறம் அரை இஞ்ச் மட்டும் விட்டுட்டு மீதியை வெட்டிடு, கால் கால் இஞ்சா ரெண்டு மடிப்பு மடிச்சு தை. அகலமா மடிச்சா கீழ ஓரம் கனமா, வெறப்பா நின்னு மடிப்பு விழறதைக் கெடுத்துடும். முதல் மடிப்பு மடிக்கறதுக்கு முன்னாடி கால் இஞ்ச்ல சுத்தி ஒரு தையல் ஓட்டிட்டு அந்தக் கோட்டுல மடி, கோணாம வரும்.

நூல்கண்டு:

ரொம்ப ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். ஸ்டார்ச் அடிச்சு அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன், பேப்பருக்கு பழைய காலண்டர் ஷீட்டை ஒட்டிப் பெருசாக்கிட்டேன், பழைய கத்தரியும் ரெடி. நீளம் 35, அகலம் அதே 12, லைனிங் இல்ல, மெல்லிசு கேன்வாஸ், கரை நாடா. பாக்கெட் பைக்கு பழைய பாப்ளின் துண்டு கெடைச்சுது, போதுமான்னு வெச்சுப் பாத்தேன், போதும். தரைலேர்ந்து குறி போட ஆள் புடிக்கறதுதான் கஷ்டம் போல, வீட்ல எல்லாரும் இப்பவே ஓடி ஒளியறாங்க.

கத்தரி அக்கா:

ஆள் கெடைக்கலன்னா கதவு நிலைல ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல ஒரு கயிறு கட்டு, அதுல சாக் நல்லா தேய்ச்சுட்டு, ஸ்கர்ட் போட்டுக்கிட்டு கயிறுல ஓரம் உரசற மாதிரி மெதுவா ஒரு சுத்து சுத்து. கோடு தானா விழும். வெள்ளை சாக் போடு, கலர் சாக் ரேயான்ல போக மாட்டேங்குது.

டெய்லர் அண்ணன்:

கயிறை இழுத்துக் கட்டு, தொய்வா கட்டினா நடுவுல கோடு இறங்கிடும்.